தமிழ் அகரவரிசை லைப்ரரிக்கு எந்த உரிமம் போடுவது?

கேள்வி, சுருக்கமாக: சிங்கப்பூரில் பாலிடெக்னிக் முடித்து ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். "தமிழ்ச் சொற்களை அகரவரிசையில் அடுக்கவும் எழுத்துகளை எண்ணவும் பைத்தான் நிரல்மொழியில் ஒரு லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுதியிருக்கிறேன். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டு ஐந்து மாதமாகிறது, உரிமம் எதுவும் போடவில்லை. ஒரு நண்பர் எம்ஐடி போடு என்கிறார். இன்னொருவர் ஜிபிஎல் போட்டால்தான் கம்பெனிகள் சுரண்டாது என்கிறார். மாணவர் முதல் கம்பெனி வரை யாரும் பயன்படுத்தலாம், ஆனால் திருத்தினால் அந்தத் திருத்தம் வெளியே வர வேண்டும் என்பது என் ஆசை. விற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாமா? உள்ளே ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. பினாங்கில் இருக்கும் தோழி ஒருவர் சில வரிகள் திருத்தித் தந்தார். எங்கிருந்து தொடங்குவது, அண்ணே?"

உங்கள் லைப்ரரியை இறக்கி ஓட்டிப் பார்த்தேன், தம்பி. முதலில் அதைப் பற்றி இரண்டு வார்த்தை. 'பழம்', 'பவளம்' இரண்டையும் வெறும் பைத்தானிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் பழத்தை முன்னால் வைக்கும். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ய ர ல வ ழ ள என்று சொல்லிப் படித்த பிள்ளைக்குத் தெரியும், பவளம்தான் முதலில். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்றால் பைத்தான் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி ஐந்து என்று சொல்லும். உங்களுடையது மூன்று என்கிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் காட்டும் எந்தச் செயலிக்கும் இது வேண்டும். நல்ல வேலை. அது நாலு பேர் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னேன். கண்டிப்பாகப் பார்த்தால், அதைச் செய்வதற்கே உங்கள் அனுமதி எனக்கு இல்லை. உரிமம் எதுவும் போடாமல் விட்டால் 'யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது நேர் எதிர். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. கதை, கட்டுரைக்கு இருக்கும் அதே பாதுகாப்பு, எழுதியவர் காலம் முடிந்து இன்னும் 70 ஆண்டுகள் வரை. எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை, எழுதிச் சேமித்த நிமிடமே உரிமை வந்துவிடும். கிட்ஹப்பில் பொதுவில் வைத்தால் மற்றவர்கள் அங்கேயே பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம், அதாவது தங்கள் கணக்கில் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தின் விதிமுறை அவ்வளவுதான் தருகிறது. ஒரு கம்பெனி தன் செயலிக்குள் சேர்க்க நினைத்தால், அங்கே இதைப் பரிசீலிக்கிறவர் உரிமக் கோப்பைத் தேடுவார், இல்லையென்றதும் மூடிவிட்டுப் போய்விடுவார். ஐந்து மாதமாக உங்கள் லைப்ரரி கதவு பூட்டிய கடை மாதிரிதான் இருந்திருக்கிறது.

சரி, உரிமம் என்பது நீங்கள் எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. உங்களுக்குச் சொந்தமானதற்குத்தான் நீங்கள் அனுமதி கொடுக்க முடியும். அதனால் எம்ஐடியா ஜிபிஎல்லா என்ற பட்டிமன்றத்துக்குப் போகுமுன் ஒரு கேள்வி: இந்தக் கோடு, அதாவது இந்த நிரல், உங்களுடையதுதானா?

வேலை பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையின் அங்கமாக ஒருவர் எழுதும் நிரலுக்கு முதல் உரிமையாளர் அவருடைய முதலாளிதான், வேறு மாதிரி எழுதி ஒப்புக்கொண்டிருந்தாலொழிய. ஃப்ரீலான்ஸாக எழுதிக் கொடுத்தால் கதை வேறு. ஒப்பந்தம் எதுவும் மாற்றிச் சொல்லவில்லையென்றால் எழுதியவருக்கே உரிமை. நீங்கள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து சொந்த மடிக்கணினியில் எழுதியிருக்கலாம். ஆனால் பல வேலை ஒப்பந்தங்கள் சட்டத்தைவிட அகலமாக வலை விரிக்கும்: நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புள்ள எதையும், எந்த நேரத்தில் எழுதினாலும், நிறுவனத்துக்கே என்று ஒரு பத்தி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள். அப்படி இருந்தால் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல்: இன்ன லைப்ரரி, இன்ன நேரத்தில், சொந்தக் கருவியில் எழுதியது, திறந்த மூலமாக (யாரும் பார்த்து, மாற்றி, பயன்படுத்தும்படி) வெளியிடப் போகிறேன், நிறுவனத்துக்கு இதில் உரிமைக் கோரிக்கை இல்லை என்று உறுதி செய்யுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். காப்பிக் கடையில் 'அதெல்லாம் பரவாயில்லப்பா' என்று சொன்னது போதாது. அந்த மேலாளர் அடுத்த வருடம் வேறு எங்காவது இருப்பார்.

அடுத்து, உள்ளே இருக்கும் சொற்பட்டியல். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இந்த ஒரு வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது.

2021 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். ரூபி மொழியில் மைம்மேஜிக் என்று ஒரு சிறிய லைப்ரரி. ஒரு கோப்பு படமா, பிடிஎஃப்பா, பாட்டா என்று கண்டுபிடித்துச் சொல்வது மட்டுமே அதன் வேலை. எம்ஐடி உரிமம். வலைத்தளங்கள் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் அதைச் சார்ந்திருந்ததால் உலகம் முழுக்க எண்ணற்ற வலைத்தளங்களுக்குள் அது இருந்தது. கோப்பு வகைகளை அடையாளம் காண அது ஒரு தரவுக் கோப்பைப் பயன்படுத்தியது. அந்தத் தரவு ஷேர்ட்-மைம்-இன்ஃபோ என்ற வேறொரு திட்டத்திலிருந்து வந்தது, அதன் உரிமம் ஜிபிஎல் 2. அதைச் சேர்த்து வெளியிடுவதையும் ஜிபிஎல்லிலேயே தரச் சொல்வது அது, எம்ஐடி என்று தர முடியாது. பல வருடம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர் கவனித்துச் சுட்டிக்காட்டினார். லைப்ரரி ஆசிரியர் நேர்மையாக நடந்துகொண்டார்: எம்ஐடி என்று போட்ட பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்றார், புதியதை ஜிபிஎல்லில் வெளியிட்டார். திரும்பப் பெற்ற அந்த நிமிடத்திலிருந்து ரெயில்ஸ் திட்டங்கள் நிறுவலிலேயே விழ ஆரம்பித்தன. கடைசியில் ரெயில்ஸ்காரர்கள் அப்பாச்சி டிக்கா என்ற வேறொரு திட்டத்தின் தரவுக்கு மாறித்தான் தப்பித்தார்கள். கோடில் ஒரு பிழையும் இல்லை. ஒரு பட்டியல், அவ்வளவுதான்.

உங்கள் சொற்பட்டியல் எங்கிருந்து வந்தது? தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்தோ விக்சனரியிலிருந்தோ எடுத்தது என்றால் அந்த உரை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் இருக்கிறது: பெயர் குறிப்பிட வேண்டும், அதிலிருந்து உருவாக்கியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்திலிருந்து இடப்பெயர்கள் ஏதாவது எடுத்திருந்தால் சிங்கப்பூர்த் திறந்த தரவு உரிமம் பொருந்தும். அது தாராளமானது, மூலத்தைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். யாரோ ஒருவருடைய அகராதித் தளத்திலிருந்து ஸ்கிரிப்ட் வைத்துச் சுரண்டி எடுத்தது என்றால், தம்பி, அதை இன்றைக்கே வெளியே எடுங்கள்.

'வெறும் சொற்களுக்கு என்ன பதிப்புரிமை?' என்று கேட்பீர்கள். பாதி நியாயம் உண்டு. இங்கே 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொலைபேசி விவரப் புத்தகம் தொடர்பான குளோபல் யெல்லோ பேஜஸ் வழக்கில் சொன்னது: தகவல்களைத் திரட்ட எவ்வளவு உழைத்தாலும் அந்த உழைப்புக்காகப் பதிப்புரிமை கிடையாது, தேர்ந்தெடுத்த விதத்திலும் அடுக்கிய விதத்திலும் படைப்புத் தன்மை இருந்தால் அதற்கு மட்டும்தான். ஆனால் உங்கள் லைப்ரரி சிங்கப்பூருக்குள் மட்டும் இருக்கப் போவதில்லை. ஐரோப்பாவில் தரவுத்தளத்துக்கென்றே தனி உரிமை இருக்கிறது. பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெளிவாகக் காட்டக்கூடிய நிலையில் இருப்பதுதான் நிம்மதி. என் யோசனை, பட்டியலைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்து அதற்குரிய உரிமத்தோடு வெளியிடுங்கள். வரிசைப்படுத்தும் கோடுக்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை என்று பார்த்தேன், எழுத்துப்பிழை சோதனைக்கு மட்டும்தான் அழைக்கிறீர்கள்.

இதோடு இன்னொன்று. இப்போது எல்லோரும் ஏஐ-யிடம் கேட்டுக் கோடு எழுதுகிறோம், நானும்தான். 2011-இல் குதிரைப் பந்தயப் பத்திரிகைகள் இரண்டுக்கிடையே நடந்த வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம், படைப்பாளி மனிதராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு கோப்பு முழுவதையும் இயந்திரம் எழுதி, நீங்கள் கை வைக்கவே இல்லை என்றால், அந்தக் கோப்புக்கு உரிமம் கொடுக்க உங்களிடம் உரிமை இருக்கிறதா என்பதே கேள்வியாகும். அப்படிப்பட்ட பகுதிகளை நீங்களே ஒருமுறை திருத்தி, யோசித்து எழுதுவது கோடின் தரத்துக்கும் நல்லது.

இனி உரிமங்களுக்கு வருவோம். தனிச் செயலி எழுதுகிறவருக்கும் லைப்ரரி எழுதுகிறவருக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. செயலியை மக்கள் இறக்கிப் பயன்படுத்துவார்கள், முடிந்தது. லைப்ரரி இன்னொருவருடைய நிரலுக்குள் குடிபோகிறது. நீங்கள் போடும் நிபந்தனை உங்கள் கோடோடு நிற்காமல் குடிபோன வீட்டையும் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதில்தான் உரிமங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறுபடுகின்றன.

எதையும் கட்டுப்படுத்தாத வகை எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0. எம்ஐடி உரிமம் மூன்றே பத்தி, ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். முதல் பத்தி: பயன்படுத்து, நகலெடு, மாற்று, விற்கவும் செய், எல்லாம் இலவசம். இரண்டாவது பத்தி ஒரே வாக்கியம், உரிமத்தின் ஒரே நிபந்தனையும் அதுதான்: பதிப்புரிமை வரியையும் இந்த அனுமதி வாசகத்தையும் எல்லா நகல்களிலும் சேர்க்க வேண்டும். மூன்றாவது: உள்ளது உள்ளபடி தருகிறேன், உத்தரவாதம் இல்லை, நட்டம் வந்தால் நான் பொறுப்பல்ல. அந்த மூன்றாவது பத்திதான் உங்களைக் காப்பது. ஒரு மருத்துவமனைப் பட்டியலில் பெயர் மாறிப்போய் யாராவது வழக்குப் போட நினைத்தால் உங்களுக்கும் அவருக்கும் இடையில் நிற்பது அதுதான்.

அந்த இரண்டாவது பத்தியின் பலனை ஒரு நாள் நேரில் பார்த்தேன். பாசிர் ரிஸ் போகும் ரயிலில் ஒரு செயலியின் அமைப்புகளைத் திறந்து, கீழே கீழே போய், 'ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள்' என்ற பக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனேன். நூற்றுக்கணக்கான பெயர்கள். நடுவில் நான் எழுதிய ஒரு சின்ன லைப்ரரியின் பெயரும், கீழே என் பெயரும் வருடமும். யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. பிடோக் தாண்டிவிட்டதைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கைப்பேசியிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கும், திறந்து பாருங்கள்.

அப்பாச்சி 2.0 இதே குணம்தான், ஆனால் வக்கீல் எழுதிய நீளம். 2004-இல் வந்தது. அதில் கூடுதலாக இருக்கும் முக்கியமான விஷயம் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை. பங்களிக்கும் ஒவ்வொருவரும் தன் பங்களிப்பைத் தொடும் பேட்டன்ட் உரிமையையும் சேர்த்தே தந்துவிடுகிறார். இந்த மென்பொருள் தன் பேட்டன்டை மீறுகிறது என்று யாராவது வழக்குப் போட்டால் அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி ரத்தாகிவிடும். இது வெட்டிக் கவலை இல்லை. 2017-இல் ஃபேஸ்புக்கின் ரியாக்ட் லைப்ரரியின் பிஎஸ்டி உரிமத்தோடு ஒட்டியிருந்த பேட்டன்ட் வாசகத்தை அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அனுமதிக்க மறுத்தது. பெரிய சலசலப்பாகி, அதே ஆண்டு செப்டம்பரில் ஃபேஸ்புக் ரியாக்டை எம்ஐடிக்கு மாற்றியது. அப்பாச்சி 2.0-இல் ஒரே ஒரு இடறல்: ஜிபிஎல் 2-இல் மட்டும் இருக்கும் திட்டங்களோடு சேராது, ஜிபிஎல் 3-உடன் சேரும். ரஸ்ட் நிரல்மொழி உலகில் 'எம்ஐடி அல்லது அப்பாச்சி, உங்கள் விருப்பம்' என்று இரண்டையும் போடும் வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த இடறலையும் அது தீர்த்துவிடுகிறது.

மறுகோடியில் ஜிபிஎல். உங்கள் லைப்ரரியைச் சேர்த்துக்கொண்ட நிரலை ஒருவர் வெளியே விநியோகித்தால், அந்த முழு நிரலின் மூலக்கோடும் ஜிபிஎல்லில் தரப்பட வேண்டும். முழுச் செயலிக்கு இது அருமையாகப் பொருந்தும். 2020 ஏப்ரலில் அரசாங்கத்தின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், கோவிட் தொடர்புகளைத் தடமறிந்த நம் ட்ரேஸ்டுகெதர் செயலியின் மூலக்கோடை ஓப்பன்ட்ரேஸ் என்று வெளியிட்டபோது ஜிபிஎல் 3 தான் போட்டது. லைப்ரரிக்கு ஜிபிஎல் போடுவது ஒரு பேரம் மாதிரி: என் சாமான் வேண்டுமா, உன் வீட்டுக் கதவையும் திற. பேரம் பலித்த கதை உண்டு. கமாண்ட் லைனில் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் லைப்ரரி ஜிபிஎல். லிஸ்ப் மொழியின் கிளிஸ்ப் என்ற நிரலில் அதைச் சேர்த்தார்கள். ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டுக்கொள்ள, விவாதத்துக்குப் பின் 1992-இல் கிளிஸ்ப்பே ஜிபிஎல்லுக்கு மாறியது. ஆனால் அதே ரீட்லைனுக்குப் போட்டியாக, கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் லிப்எடிட் பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது, ஜிபிஎல் வேண்டாதவர்கள் அதற்குப் போய்விட்டார்கள். உங்கள் சாமான் வேறெங்கும் கிடைக்காது என்றால்தான் பேரம் நடக்கும். அகரவரிசை உங்களை விட்டால் வேறு ஆளில்லாத விஷயமில்லை. தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன்-தமிழ் லைப்ரரி எம்ஐடியில் ஏற்கெனவே கிடைக்கிறது. அதன் பின்னால் இருப்பவரே உருவாக்கிய எழில் நிரல்மொழி ஜிபிஎல்லில் இருப்பதைக் கவனியுங்கள்; மொழிக்கு ஓர் உரிமம், லைப்ரரிக்கு ஓர் உரிமம்.

இடைப்பட்ட வகைதான் லைப்ரரி ஆசிரியர்களுக்கென்றே பிறந்தது. 1991-இல் வந்தபோது எல்ஜிபிஎல்லின் முதல் எழுத்து 'லைப்ரரி'யைத்தான் குறித்தது. எல்லா லைப்ரரிக்கும் இதுதான் என்று மக்கள் நினைத்துவிடக் கூடாது என்று 1999-இல் அதை 'லெஸ்ஸர்' என்று மாற்றினார்கள். லைப்ரரியை மாற்றினால் மாற்றத்தைத் தர வேண்டும், அதை அழைக்கும் நிரல் மூடியே இருக்கலாம் என்பது அடிப்படை. ஆனால் ஒரு நிபந்தனை: பயனர் விரும்பினால் உள்ளே இருக்கும் லைப்ரரியை எடுத்துவிட்டுத் தான் திருத்திய பதிப்பைப் பொருத்த முடிய வேண்டும். சி மொழியில் டைனமிக் லிங்கிங் செய்தால், அதாவது லைப்ரரியைத் தனிக் கோப்பாக வைத்து ஓடும்போது இணைத்தால், கோப்பை மாற்றி வைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடும் கோ, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் பண்டில் என்று வந்தால் எப்படி நிறைவேற்றுவது என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். லைப்ரரியை அழைக்கும் பைத்தானின் இம்போர்ட் எந்தப் பக்கம் என்று வக்கீல்களே ஒத்துப்போவதில்லை.

ஏஜிபிஎல் பற்றி ஒரு வரி: ஜிபிஎல் விநியோகித்தால்தான் விழிக்கும், சர்வரில் வைத்து வலைச் சேவையாக ஓட்டினால் தூங்கும். ஏஜிபிஎல் அந்த இடத்திலும் விழிக்கும். இதனாலேயே கூகுள் போன்ற நிறுவனங்கள் அதை உள்ளே சேர்க்கவே தடை வைத்திருக்கின்றன. அகரவரிசை லைப்ரரிக்கு அது தேவையில்லை.

நான் உங்களுக்குச் சொல்வது எம்பிஎல் 2.0. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொஸில்லாவின் உரிமம், 2012-இல் வந்த பதிப்பு. இதன் எல்லை மிகத் தெளிவாக வகுக்கப்பட்டது: கோப்புதான் எல்லை. உங்கள் கோப்புகளை ஒருவர் திருத்தி விநியோகித்தால் அந்தக் கோப்புகளின் மூலத்தைத் தர வேண்டும். பக்கத்தில் அவர் எழுதிய கோப்புகள் அவர் இஷ்டம். லிங்கிங் பற்றிய தகராறே இல்லை, எந்த மொழியிலும் ஒரே பொருள். ஜிபிஎல் திட்டங்களுக்குள்ளும் போகலாம், அதற்கு உரிமத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனி கிரந்த எழுத்துகளின் வரிசையில் ஒரு பிழையைத் திருத்தித் தன் செயலியில் வெளியிட்டால் அந்தத் திருத்தம் வெளிச்சத்துக்கு வரும். அவர்களுடைய செயலிக்கோ ஒன்றும் ஆகாது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள். எம்பிஎல்லோ ஜிபிஎல்லோ, மென்பொருளைப் பெற்றவருக்கு மூலத்தைக் கொடு என்றுதான் சொல்கின்றன. 'ஆசிரியருக்கு அனுப்பு' என்று சொல்வதில்லை. சர்வருக்குள்ளேயே திருத்தி வைத்துக்கொண்டவரிடம் எம்பிஎல்லால் ஒன்றும் கேட்க முடியாது. என் அனுபவத்தில், திருத்தங்களை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் உரிமத்துக்குப் பயந்து அனுப்புவதில்லை. தனியாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கிறதே என்றுதான் அனுப்புகிறார்கள். நீங்கள் புல் ரிக்வெஸ்டுக்கு (மற்றவர்கள் அனுப்பும் திருத்தக் கோரிக்கைக்கு) சீக்கிரம் பதில் சொன்னால் பாதி ஆசை அதிலேயே நிறைவேறும். வரிசைப்படுத்தல் எங்கெங்கும் பரவினாலே போதும், திருத்தம் வந்தால் வரட்டும் என்று உங்கள் மனம் மாறினால் அப்பாச்சி 2.0 போடுங்கள். தவறில்லை.

'விற்கக் கூடாது' வரி வேண்டாம். திறந்த மூலம் என்பதற்கு ஓஎஸ்ஐ (ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்) அமைப்பின் வரையறை இருக்கிறது. எந்த ஆளையும் எந்தத் துறையையும் விலக்கக் கூடாது என்பது அதில் உள்ளது. அந்த வரியைச் சேர்த்தால் உங்களுடையது திறந்த மூலமே இல்லை, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் முதன்மைக் களஞ்சியத்தில் இடம் கிடைக்காது. தவிர எது விற்பனை? தமிழ் டியூஷன் மாஸ்டர் ஒருவர் மாதக் கட்டணம் வாங்கும் வகுப்பில் இதைப் பயன்படுத்தினால்? சமூக மன்றத்தில் பத்து வெள்ளி நுழைவுச்சீட்டு வைத்துச் சொல்விளையாட்டுப் போட்டி நடத்தினால்? நீங்கள் தடுக்க நினைத்த பெரிய கம்பெனி ஒரே வாரத்தில் தானே எழுதிக்கொள்ளும். பயந்து விலகுவது இந்த மாஸ்டர்தான். ஜேசன் உரிமத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 'நன்மைக்கு மட்டும், தீமைக்கு அல்ல' என்று நல்லெண்ணத்தோடு ஒரு வரி சேர்த்ததற்கே டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை. சொந்தமாக வரி எழுதாதீர்கள். ஆயிரம் வக்கீல்கள் ஏற்கெனவே படித்த உரிமத்தின் மதிப்பே தனி.

இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்குமா என்றால், நிற்கும். அமெரிக்காவில் பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் கோப்புகளை எடுத்த ஒரு நிறுவனம் ஆசிரியர்களின் பெயரையும் குறிப்புகளையும் நீக்கிவிட்டது. ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற அந்த வழக்கில் 2008-இல் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், உரிமத்தில் சொன்னவை வெறும் வேண்டுகோள் அல்ல, நிபந்தனைகள். மீறினால் பதிப்புரிமை மீறல் என்றது. காசு வாங்காமல் கொடுத்தாலும் பெயர் போடச் சொல்வதில் பொருளாதார மதிப்பு இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இப்போது பங்களிப்பாளர்கள். ஒருவர் பத்து வரி எழுதி அனுப்பினால் அந்தப் பத்து வரிக்கும் பதிப்புரிமை அவருக்கே. நீங்கள் இணைத்துக்கொள்வதால் உங்களுக்கு மாறிவிடாது. நான் இதைப் பாடமாகக் கற்றேன். பல வருடம் முன்பு என் லைப்ரரி ஒன்றை ஜிபிஎல்லில் ஆரம்பித்தேன். யாரும் பயன்படுத்தவில்லை, எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற நினைத்தேன். அதற்குள் ஏழு பேர் பங்களித்திருந்தார்கள். ஐந்து பேர் அன்றைக்கே சரி என்றார்கள். ஒருவருக்கு மூன்று நினைவூட்டல். ஏழாமவருடைய மின்னஞ்சல் திரும்பி வந்தது, ஆளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவர் எழுதிய பகுதியைத் திறந்து பார்க்காமல், அந்தச் செயல்பாட்டை மட்டும் ஒரு தாளில் விவரித்து, அதுவரை அந்தக் கோடைப் பார்த்திராத நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கினேன். இரண்டு மாதம் போயிற்று. விஎல்சி பிளேயர்காரர்கள் 2011-இல் தங்கள் இயங்குபொறியை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த பங்களிப்பாளர்களைத் தேடிப் போய்ச் சம்மதம் வாங்கினார்கள். என் ஏழு பேருக்கே நாக்குத் தள்ளியது.

இதைத் தவிர்க்கச் சிலர் சிஎல்ஏ என்ற ஒப்பந்தத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலும், பின்னால் உரிமத்தை மாற்றும் உரிமையும் உரிமையாளருக்குப் போய்விடும். எனக்கு அது பிடிக்காது. 2023-இல் ஹாஷிகார்ப் நிறுவனம் டெர்ராஃபார்ம் என்ற தன் மென்பொருளை எம்பிஎல்லிலிருந்து, திறந்த மூலம் அல்லாத பிஎஸ்எல்லுக்கு மாற்றியது. 2024-இல் ரெடிஸ் தரவுத்தளம் பிஎஸ்டியை விட்டது. இலவசமாக உழைத்துக் கொடுத்தவர்கள் மனம் நொந்து ஓப்பன்டோஃபு, வால்கீ என்று பிரிந்து போனார்கள். பிரிய முடிந்ததற்குக் காரணம், ஏற்கெனவே வெளியிட்ட பதிப்புக்குத் தந்த அனுமதி பின்னால் வரும் மாற்றத்தால் பறிபோகாது என்பதுதான். இது உங்களுக்கும் பொருந்தும். இன்றைக்கு எம்பிஎல்லில் விட்ட பதிப்பு என்றைக்கும் எம்பிஎல்தான். அதனால் சிஎல்ஏ வேண்டாம், டிசிஓ போதும்: லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் நடைமுறையில் இருப்பது. பங்களிப்பவர் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்திலும்) 'சைன்ட்-ஆஃப்-பை' என்று ஒரு வரி சேர்ப்பார். இது என் சொந்த வேலை, அல்லது தருவதற்கு எனக்கு உரிமை உண்டு, திட்டத்தின் உரிமத்திலேயே தருகிறேன் என்பது அதன் பொருள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இங்கே இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு சொல். ஜிபிஎல், எம்பிஎல் போல மாற்றத்தையும் திறந்து தரச் சொல்லும் காப்பிலெஃப்ட் உரிமத்தோடு கம்பெனிகளுக்குத் தனியாக வணிக உரிமமும் விற்கலாம் என்ற யோசனை வரும். அனுமதி அட்டையில் இருக்கும் முதலாளியைத் தவிர வேறு வழியில் சம்பாதிப்பதற்கு முன் மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இலவசமாக வெளியிடுவது வேறு, விலைச்சீட்டு அனுப்புவது வேறு.

செய்ய வேண்டிய கைவேலை அதிகமில்லை. களஞ்சியத்தின் மேலடுக்கில் 'லைசென்ஸ்' கோப்பில் எம்பிஎல் 2.0-இன் முழு உரையையும் ஒரு எழுத்தும் மாற்றாமல் வையுங்கள். தமிழில் விளக்கம் தர ஆசைப்பட்டால் தனிக் கோப்பில் எழுதுங்கள், மூலம்தான் செல்லும் என்ற குறிப்போடு. ஒவ்வொரு பைத்தான் கோப்பின் தலையிலும் மொஸில்லா சொல்லியிருக்கும் அந்த மூன்று வரிக் குறிப்பு, கூடவே உரிமத்தின் பெயரை இயந்திரமும் படிக்கும்படி சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாளம் ஒரு வரி. கம்பெனிகளின் ஸ்கேனர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பேக்கேஜ் விவரத்தில் இருக்கும் உரிமப் புலத்தையும் நிரப்புங்கள், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று இருந்தால் சந்தேகம்தான் வளரும். சொற்பட்டியல் பேக்கேஜுக்கு அதன் மூலத்தைச் சொல்லும் கோப்பு. லைப்ரரியின் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். எம்பிஎல் கோடைத்தான் தருகிறது, வணிகப்பெயரைத் தருவதில்லை.

இதையெல்லாம் கமிட் செய்வதற்கு முன் பினாங்குத் தோழிக்கு எழுதுங்கள். அவர் திருத்திய இடத்தைப் பார்த்தேன்: ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்ததை எடுத்து, 'ஜ ஷ ஸ ஹ க்ஷ' என்று கடைசியில் நிறுத்தியிருக்கிறார். அவர் அனுப்பியபோது உங்கள் களஞ்சியத்தில் உரிமமே இல்லை, அதனால் எந்த அனுமதியில் தந்தார் என்று சொல்ல முடியாத நிலை. 'எம்பிஎல் 2.0-இல் வெளியிடுகிறேன், உங்கள் வரிகளையும் அதே உரிமத்தில் தரச் சம்மதமா?' என்று கேளுங்கள். சம்மதம் வந்ததும் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தி, பங்களிப்பாளர் பட்டியலில் அவர் பெயரை, அவர் எப்படி எழுதச் சொல்கிறாரோ அப்படியே, சேர்த்துவிடுங்கள்.